மாடியறையில் திரையரங்கு: காற்பந்துக்கும் படத்துக்கும் ஒரே அறை போதுமா?

பூச்சோங்வாசி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பூச்சோங்கில் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டின் மேல்மாடியில், பின்பக்கத்து இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, 14 அடி அகலமும் 20 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட ஒரே அறையாக்க இருக்கிறேன். பொறியாளர் வந்து பார்த்து, அது பளு தாங்கும் சுவர் அன்று என்று உறுதி சொல்லிவிட்டார்; மாநகர் மன்றத்துக்கு வரைபடமும் போயிருக்கிறது. எங்களுடையது நடு வீடு, ஆகவே இரு பக்கமும் அண்டை வீட்டாரோடு பொதுச் சுவர்தான். சீரமைப்புச் செலவையும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன்.

நான் காற்பந்து விடாமல் பார்ப்பவன். என் மனைவிக்குப் படங்கள். பூப்பந்து என்றால் வீடே கூடிவிடும். இரண்டு கடைகளில் விலைப்பட்டியல் வாங்கினேன். இரண்டுமே 120 அங்குலத் திரை, லேசர் புரொஜெக்டர், 7.1.4 அட்மாஸ் ஒலியமைப்பு (சுற்றிலும் ஏழு ஒலிபெருக்கிகள், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், கூரையில் நான்கு) என்று தொடங்கி, ஒலிபெருக்கிகளின் பெயர்களில் மட்டும் வேறுபட்டு முடிகின்றன. இதற்குப் பதிலாக 100 அங்குல மினி எல்இடி தொலைக்காட்சி வாங்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் பணத்தை எதில் போடுவீர்கள்?

ஒலியளவை

ஐயா, எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று அந்தக் கடைக்காரர்கள் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே குளிர்காலமாக இருந்தால் நமக்கு இரவு 11 மணி. ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் விடியற்காலை 3 மணிக்கோ 4 மணிக்கோ வருகின்றன. 2026 உலகக் கிண்ணம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் நடப்பதால், அதன் ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவிலிருந்து முற்பகல் வரை விழுகின்றன. ஐரோப்பாவில் இருப்பவர் மாலையில் பார்க்கும் ஆட்டத்தை நீங்கள் அண்டை வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் பார்க்கப் போகிறீர்கள். ஆகவே உங்கள் வடிவமைப்பில் முதல் உறுப்பு புரொஜெக்டர் அன்று, பொதுச் சுவர்.

நம் வரிசை வீடுகளில் வழக்கமான நான்கரை அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சோடு, பேச்சொலி போன்ற நடு அதிர்வெண்களில் ஏறக்குறைய 45 டெசிபல் வரை தடுக்கும். உங்கள் அறையில் அரங்கத்து ஆரவாரம் 80 டெசிபல் என்றால், அடுத்த வீட்டுப் படுக்கையறையில் 35. பகலில் அது ஒரு பொருட்டே இல்லை. நான்கு மணிக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 6 டெசிபல்தான், மேல்மாடித் தளத்தில் அவ்வளவு எடையை ஏற்றவும் கூடாது. அதனால்தான் அறைக்குள் அறை கட்டுகிறார்கள்: பொதுச் சுவரைத் தொடாமல் 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சட்டம், இடையில் ராக்வுல் என்னும் பாறைப் பஞ்சு, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை. சட்டத்தின் ஓர் ஆணி கூடச் செங்கல்லைத் தொட்டுவிடக் கூடாது; தொட்டால் அந்த இடத்தில் ஒலி பாலம் கட்டிக்கொள்ளும்.

கதவையும் கவனியுங்கள். கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 23 டெசிபல் அளவைத் தாண்டாது. உட்புறம் வெற்றிடமில்லாத திடமான கதவும், நாற்புறமும் ரப்பர் அடைப்பும், மூடும்போது தானே கீழிறங்கும் அடிப்பட்டையும் வேண்டும். ஏர்கோன் (குளிர்சாதனம்) செம்புக் குழாய்க்குப் போடும் ஓட்டைக்கும், பொதுச் சுவரில் அண்டை வீட்டாரின் மின்செருகிப் பெட்டியோடு முதுகோடு முதுகாக இருக்கும் உங்கள் பெட்டிக்கும் இதே கணக்குத்தான்.

இருட்டறை

ஒலியளவை அண்ணன் சுவரைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் படம் பார்க்கும் மனைவியின் தரப்பையும் யாராவது பேச வேண்டுமே.

திரையரங்குகளில் திரையின் ஒளிர்வுக்கான நியமம் 48 நிட்ஸ் (ஒளிர்வின் அலகு). 120 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். நிறத்தைச் சரிசெய்த பின் 1500 லூமென் ஒளி தரும் புரொஜெக்டர், சாதாரண வெள்ளைத் திரையில் 120 நிட்ஸ் அளவுக்குக் கொடுக்கும், அதாவது திரையரங்கைப் போல் இரண்டரை மடங்கு. ஒளிர்வின் வீச்சு கூடிய எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ், சில 4000 நிட்ஸ் அளவில் உருவாக்கப்படுகின்றன என்பதும், அந்த உச்சத்தைத் தொலைக்காட்சியால்தான் நெருங்க முடியும் என்பதும் உண்மை. இருந்தும் இருண்ட அறையில் கண் உணர்வது திரையின் அளவைத்தான். முதல் வரிசையை 3.65 மீட்டரில் வைத்தால் 120 அங்குலம் உங்கள் பார்வையில் 40 பாகையை நிரப்புகிறது. அதே இடத்திலிருந்து 100 அங்குலம் 34 பாகைக்கும் குறைவு. பெரிய படங்களில் பல 2.39 அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை, 16:9 திரையில் அவை முக்கால் பங்கு உயரத்தைத்தான் பயன்படுத்தும். சிறிய திரையில் இந்த இழப்பு இன்னும் உறுத்தும்.

மேலும், நூல் நெய்த ஒலி ஊடுருவும் திரையை மாட்டினால் நடு ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால், கண் மட்டத்தில் நிறுத்தலாம். வசனம் பேசுபவரின் வாயிலிருந்தே வரும். தொலைக்காட்சிக்கு அடியில் முழங்கால் உயரத்தில் கிடக்கும் நடு ஒலிபெருக்கியில் அது கிடைக்கவே கிடைக்காது.

ஷட்டில்காரி

படத்துக்கு ‘இருட்டறை’ நண்பர் சொல்வது சரி. விளையாட்டுக்குச் சரியாகாது, ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

விளையாட்டு பார்க்கும் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்காது. தட்டில் கறிபஃப் இருக்கும், தேநீர் இருக்கும், குழந்தைகள் ஓடுவார்கள், ஆகவே விளக்கு எரியும். வெள்ளைத் திரைமீது 50 லக்ஸ் வெளிச்சம் விழுந்தாலே போதும், அந்தத் திரையின் கருமை 16 நிட்ஸ் ஆகிவிடும். நீங்கள் சொன்ன 120 நிட்ஸை வைத்துப் பார்த்தால், வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் ஒன்பதுக்கு ஒன்று கூட இல்லை. அந்த நிலையில் புல்தரை சாயம் போன துணியாகத் தெரியும்.

அடுத்தது அசைவு. புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியை நேரில் பார்த்தவர்களுக்கு, வீட்டுத் திரையில் இறகுப்பந்து எப்படி மறைந்து மறைந்து தெரிகிறது என்பது புரியும். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பும் பந்து, வினாடிக்கு 50 படங்கள் காட்டும் ஒளிபரப்பில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 2.2 மீட்டர் போய்விடுகிறது. இதில் இறகின் காற்றுத்தடையால் வேகம் உடனே குறைவது வேறு விஷயம். (சோதனை முறையில் பதிவான சாதனை 565 கிலோமீட்டர், 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் அடித்தது, அதற்கு முன் 493 என்ற அளவு நம் டான் பூன் ஹியோங்கிடம் இருந்தது.) இந்த இடைவெளியை நிரப்புகிறேன் என்று கருவிகள் செய்யும் அசைவு மென்மையாக்கத்தை நம்பாதீர்கள். சிறிய வெள்ளைப் பொருள் அவ்வளவு தூரம் தாண்டும்போது அந்தக் கணிப்பு தடுமாறி, பந்தை ஒரு கணம் அழித்துவிடும் அல்லது இரண்டாகக் காட்டும். விளையாட்டுக்கும் படத்துக்கும் அதை அணைத்துவிடுவதே நல்லது.

தொலைக்காட்சி வாங்கப் போனால் கடையின் மாதிரிக் காணொளியைப் பார்க்காமல், காற்பந்து ஆட்டம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது பச்சைப் புல்மீது அசையாத அழுக்குப் பட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெரிய எல்சிடி பலகைகளில் (மினி எல்இடியும் இந்த வகைதான்) இது ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் மாறும், விலை அதிகம் என்பதால் மட்டும் இல்லாமல் போய்விடாது. ஓஎல்இடியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஒரே மூலையில் மணிக்கணக்காக நிற்கும் மதிப்பெண் பட்டை, ஆண்டுக்கணக்கில் பார்க்கும்போது, தடம் பதிக்கக்கூடும்.

கெப்போங் வீரா

இடையில் ஒரு வார்த்தை. எந்த வழியில் ஒளிபரப்பு வருகிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். இணைய ஓடை (ஸ்ட்ரீமிங்) செயற்கைக்கோளைவிடப் பல வினாடிகள் பின்தங்கும். அண்டை வீட்டில் செயற்கைக்கோள் தட்டு வழியே பார்க்கிறார்கள் என்றால், உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருளும்போதே சுவருக்கு அப்பால் "கோல்!" என்று கேட்டுவிடும். ஒலியளவை அண்ணன் சொல்லும் சுவர் அந்தப் பக்கத்திலிருந்தும் உங்களைக் காப்பாற்றும். ஆனால் கனமழையில் செயற்கைக்கோள் அலை தளர்ந்து படம் நின்றுபோகும், அப்போது கைகொடுப்பது இணையந்தான். இரண்டையும் வைத்துக்கொள்வதே என் கட்சி.

பூச்சோங்வாசி

நன்றி. ஷட்டில்காரி அக்கா சொன்னதைப் படித்த பிறகு, சுவரில் 100 அங்குலத் தொலைக்காட்சியை மாட்டி, அதற்கு முன்னால் மோட்டாரில் இறங்கும் 120 அங்குலத் திரையைப் போட்டால் இரண்டும் கிடைக்குமே என்று தோன்றியது. அது எடுபடுமா?

இன்னொன்று: அட்மாஸ் வேண்டுமா, வேண்டாமா? விளையாட்டில் அதனால் பயன் உண்டா?

ஒலியளவை

இரண்டும் கிடைக்கும், இரண்டும் அரைகுறையாகக் கிடைக்கும். தொலைக்காட்சி பின்னால் இருக்கும்போது ஒலி ஊடுருவும் திரையால் பயனில்லை, நடு ஒலிபெருக்கி மறுபடியும் கீழே போய்விடும். அதற்குமேல், 100 அங்குலத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி 2.3 மீட்டருக்கு மேல் நீளமானது. அதைப் படுக்க வைத்துத் தூக்க எந்த நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மாடிப்படி நடுவில் திரும்புகிறதா? திரும்பினால், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் திருப்பத்தை அளந்து பாருங்கள். சன்னல் வழியே ஏற்றலாம் என்றால் இரும்புக் கிராதியை அறுக்க வேண்டியிருக்கும்.

அட்மாஸ் வேண்டும், ஆனால் முதலில் அன்று. பிரிட்டனில் 2017 முதலே சில காற்பந்து ஆட்டங்கள் அட்மாஸில் ஒலிபரப்பாகின்றன. நமக்கு வரும் ஆட்டங்களில் பெரும்பாலானவை 5.1 ஒலியோடு நின்றுவிடுகின்றன. அதிலும் வர்ணனை நடு ஒலிபெருக்கியில், ஆரவாரம் சுற்றிலும். ஆகவே நடு ஒலிபெருக்கிக்குச் செலவழிக்கும் வெள்ளி இரண்டு பயன்பாட்டுக்கும் உதவும்; கூரை ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் படத்துக்கு மட்டும். நான்குக்கு இப்போதே கம்பி இழுத்து வையுங்கள், வாங்குவது பிறகு நடக்கட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: கூரையில் துளையிட்டுப் பதிக்கும் வகை வேண்டாம். ஒலியை அடைக்கக் கட்டிய கூரையில் நான்கு பெரிய ஓட்டைகளை நாமே போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இனி அடித்தொனி. உள்சுவர் கட்டியபின் உங்கள் அறை ஏறக்குறைய 5.8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் என்று சுருங்கும். அந்த அளவுகளில் 30, 43, 61 ஹெர்ட்ஸ் அருகே நிலை அலைகள் எழும். ஒரே ஒரு சப்வூஃபரை மூலையில் வைத்தால் ஓர் இருக்கையில் வயிறு அதிரும், பக்கத்து இருக்கையில் ஒன்றுமே இருக்காது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான வழி காட்டுகிறது: இரண்டு சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. பெரிய ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு உங்களுக்கு நல்லவை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள உள்சுவர் தானே 45 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும். அதற்குக் கீழே அது தரும் கூடுதல் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. படத்தின் வெடிச்சத்தம் எப்படியும் அண்டை வீட்டுக்குப் போகும். அதற்குத் தீர்வு இருக்கைக்கு அடியில் பொருத்தும் அதிர்வி. காற்றை அசைக்காமல் இருக்கையை மட்டும் அசைப்பதால், நள்ளிரவில் சப்வூஃபரைக் குறைத்துவிட்டு இதை ஓடவிடலாம். இருக்கையின் கால்களுக்கு மென்மையான ரப்பர் திண்டு கட்டாயம், இல்லாவிட்டால் அதிர்வு தளம் வழியே கீழ்மாடிக்கு இறங்கும். மென்மையாகக் கேட்கும்போது காது அடித்தொனியை முதலில் இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். குறைந்த ஒலியில் அதை ஈடுசெய்யும் வசதி, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறை வயர்மேன்

பினாங்குப் பக்கம் இந்த மாதிரி அறைகளுக்கு மின்வேலை செய்பவன் நான். திரையையும் ஒலியையும் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். இவற்றையெல்லாம் கெடுக்கக்கூடிய இரண்டு எதிரிகளை நான் சொல்கிறேன்: மின்னலும் ஈரமும்.

உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் பூச்சோங் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. டிபி பெட்டியிலிருந்து (மின் விநியோகப் பெட்டி) இந்த அறைக்குத் தனி சர்க்கியூட் இழுத்து, பெட்டியிலேயே மின்னெழுச்சித் தடுப்பானைப் பொருத்தச் சொல்லுங்கள். ஏர்கோனுக்கு வேறொரு சர்க்கியூட். செருகியில் மாட்டும் பலகையை மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. கூரையிலுள்ள தட்டிலிருந்து இறங்கும் கோஆக்சியல் கம்பி அதற்கு ராஜபாட்டை. அந்தக் கம்பிக்கும் தடுப்பான் வைத்து, வீட்டின் அதே எர்த்தோடு இணைக்க வேண்டும். ஒலிக்கு நல்லது என்று சொல்லித் தனியாக ஒரு எர்த் கம்பியை மண்ணில் அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து, இரண்டு எர்த்துகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடு உங்கள் ரிசீவர் வழியாகத்தான் பாயும். வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள்.

ஈரம் மெதுவாகக் கெடுக்கும். நம் வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 24 பாகை. அறையை 20 பாகைக்குக் குளிரவைத்து, ஆட்டம் முடிந்ததும் ஏர்கோனை அணைத்துக் கதவைத் திறந்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்த லென்ஸின் மேல் நீராக இறங்கும். அது திரும்பத் திரும்ப நடந்தால் பூஞ்சை பிடிக்கும். சுவரில் மாட்டும் ராக்வுல் ஒலியுறிஞ்சிப் பலகைகளின் துணியும் முடைநாற்றம் எடுக்கும். 25 பாகையில் வைத்து, ஈரம் நீக்கும் கருவி ஒன்றைத் தனியாக ஓட விடுவது நல்லது. ஏர்கோன் காற்று புரொஜெக்டர்மீது நேராக வீசக் கூடாது.

எட்டுப் பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடலிலிருந்தே 800 வாட் வெப்பம் வரும். கருவிகள் அரை கிலோவாட். அதற்குமேல் பகலெல்லாம் காய்ந்த கூரை. இரண்டு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன் போடுங்கள், சிறியதைவிட அது மெதுவான விசையில் அமைதியாக ஓடும். ஏர்கோன் உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இவ்வளவு இறுக்கமாக அடைத்த அறைக்குள் புதிய காற்று வர, உட்பக்கம் ஒலியுறிஞ்சி ஒட்டி வளைத்த குழாய் ஒன்று வேண்டும். இல்லையென்றால் கூடுதல் நேர ஆட்டத்துக்குள் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

பூச்சோங்வாசி

மாடிப்படியை அளந்தேன். அட்டைப்பெட்டி திருப்பத்தில் போகாது, கிராதியை அறுக்க வீட்டில் சம்மதமில்லை. ஆகவே தொலைக்காட்சி கைவிடப்பட்டது. ஒலி ஊடுருவும் 120 அங்குலத் திரையும் புரொஜெக்டரும் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் ஷட்டில்காரி அக்கா சொன்ன 50 லக்ஸ் கணக்கு என்னை விடவில்லை. விளக்கை அணைக்க முடியாது என்றால், விளக்கின் ஒளி திரைக்குப் போகாமல் தடுக்கலாம் அல்லவா? முதல் வரிசையில் நான்கு சாய்விருக்கைகள். அவற்றுக்குப் பின்னால் கை உயரத்தில் ஒரு மேசைத்தட்டும், சுவரையொட்டி உயர நாற்காலிகளும். பின்வரிசைக்குத் தனி மேடை தேவையில்லை. அந்தத் தட்டுக்கு நேர்மேலே மட்டும் குறுகிய கற்றை வீசும் மறைப்பு விளக்குகள். திரையைச் சுற்றியுள்ள முன்பகுதிச் சுவரும் கூரையும் பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் நிறம். திரையில் விழும் ஒளியை 5 லக்ஸுக்குள் கொண்டுவர முடிந்தால், கருமை 1.6 நிட்ஸ்தான். விகிதம் 75 மடங்கைத் தாண்டுகிறது. காற்பந்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

செலவில் சுவர், கதவு, காற்றுக்குழாய், மின்வேலை ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் 5.1ஐ நல்லதாக வாங்குகிறேன். கூரை ஒலிபெருக்கிகள் அடுத்த ஆண்டு.

ஷட்டில்காரி

போதும், தம்பி. ஆனால் மேசைத்தட்டின் மேற்பரப்பையும் மங்கலான நிறத்தில் போடுங்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் போட்டால் விளக்கொளி அதில் பட்டுத் திரைக்கே திரும்பும். புரொஜெக்டரில் படத்துக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். ஆட்டத்துக்கான அமைப்பில் லேசரின் ஒளியைக் கூட்டி வைக்கலாம். விசிறிச் சத்தம் ஆரவாரத்தில் கரைந்துவிடும். தோமஸ் கிண்ணப் பூப்பந்துக்கு இருபது பேர் வந்தால் என்ன செய்வீர்கள்?

பூச்சோங்வாசி

கீழ்மாடிக் கூடத்தில் ஏற்கெனவே 75 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறது, அக்கா. அந்தக் கூட்டத்துக்கு அதுதான். மேலே எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை.

வயர்மேன் அண்ணே, ரிசீவரிலிருந்து புரொஜெக்டர்வரை கம்பியின் வழி 12 மீட்டர் வருகிறது. எந்த எச்டிஎம்ஐ கம்பி வாங்குவது?

பிறை வயர்மேன்

அந்த நீளத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம், ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்கு ஒரு திசை உண்டு. எந்த முனை ரிசீவருக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று முனையிலேயே எழுதியிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் மறுபடியும் உருவ வேண்டியதுதான். சுவருக்குள் விடுவதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு, 4கே படம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிச் சோதியுங்கள்.

குழாய் 50 மில்லிமீட்டர், வளைவுகள் அகலமாக. அதற்குள் ஓர் இழுகயிற்றையும் சேர்த்தே விட்டு வையுங்கள், நாளைக்குக் கம்பியின் தரம் மாறினால் பலகையை உடைக்காமல் மாற்றலாம். ஜிப்சம் மூடுவதற்கு முதல் நாள், நான்கு சுவர்களையும் அளவுநாடாவை ஒட்டி வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் பலகைகள் மாட்டத் துளையிடும்போது கம்பி எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.